வெலிமடைப் பயணம்: மலையாற்று ஊரில் நெற்கமக்காரர் காணவேண்டியவை

பெரும்போக வேளாண்மை வெட்டி, நெல் விற்றது போக மிஞ்சியது வீடு சேர்ந்தபின், சம்மாந்துறை வட்டைகளிற் சில கிழமைகள் வேலை ஓய்ந்திருக்கும். அடிக்கட்டை நிற்கும் வயலில் மாடுகள் மேயும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்கு நீர் கிடைக்கும் என்பதே அந்நாட்களில் எல்லோர் வாயிலும் உள்ள கேள்வி. பங்குனிக் கடைசிக்கும் சித்திரை நடுவுக்கும் இடைப்பட்ட இந்த ஓய்வில் பலர் குடும்பத்துடன் மலைநாடு செல்வதுண்டு. நுவரெலியாவின் வசந்தகாலக் குளிரையும் பூக்களையும் கண்டு திரும்புவதே பெரும்பாலோரின் நோக்கம். ஆயினும் பதுளை வழியாகச் செல்வோர் நுவரெலியாவை அடையுமுன், உமா ஓயாவின் கரையில் வெலிமடை என்னும் சிற்றூரைக் கடக்கின்றனர். நெல்லும் மரக்கறியும் செய்பவர் அங்கே ஒரு நாள் தங்கிக் கண்ணைத் திறந்து பார்த்தால், தம் சொந்த வயலுக்கு உதவும் பாடம் ஒன்றைக் கொண்டுவரலாம். அப்பாடம் வரம்பைப் பற்றியது.

வழியும் நீரும்

சம்மாந்துறையிலிருந்து அம்பாறை, சியம்பலாண்டுவை, மொனறாகலை, பசறை, பதுளை, ஹாலி-எல வழியாக வெலிமடைக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். விடியற்காலையிற் புறப்பட்டால் மதியத்துக்குச் சென்றுசேரலாம். கடல்மட்டத்தையொட்டிய வயலில் தொடங்கும் இவ்வழி, 1000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் முடிகிறது. அம்பாறையைத் தாண்டியதும் நெல்வயல் குறைந்து ஹிங்குராணையின் கரும்புத் தோட்டங்கள் தோன்றும். சியம்பலாண்டுவையின் இரு மருங்கிலும் சேனைப் பயிர். மொனறாகலைக்கு அப்பால் இறப்பர். பசறையை நெருங்கும்போது தேயிலை. ஒரே காலைப் பொழுதில் இந்நாட்டுப் பயிர்த்தொழிலின் பல படிகளை இவ்வாறு காணக்கூடிய வழிகள் அதிகமில்லை.

பசறைக்கு மேலே நமுனுகுல மலை 2036 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. இவ்விடத்தில் வண்டியைச் சற்று நிறுத்தி, கிழக்கே பார்ப்பது நன்று. பதுளைக்குக் கிழக்கேயுள்ள இந்த மலைப்புறத்திலேதான் கல்லோயா பிறக்கிறது. தமிழர் பட்டிப்பளை ஆறு என அழைக்கும் அவ்வாறு 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. அதன் நீரை மறித்தே இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டது. 1949ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டதைத் தொடர்ந்து உருவான சேனாநாயக்க சமுத்திரம், நிரம்பியிருக்கும்போது சுமார் 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும். அதன் நீரேந்து பகுதியைக் காக்கவென்றே 1954இற் கல்லோயாத் தேசிய வனம் ஒதுக்கப்பட்டது. சம்மாந்துறை வயலில் வாய்க்கால் வழி வந்து பாயும் நீர், யாரோ ஒருவருடைய மலைச்சரிவில் விழுந்த மழையே என்பதை இவ்விடத்தில் நின்றால் எளிதில் உணரலாம்.

பதுளையைக் கடந்தபின் நீரின் திசை மாறுகிறது. பதுளு ஓயாவும், வெலிமடையைத் தொட்டுச் செல்லும் உமா ஓயாவும் கிழக்கே கல்லோயாவுடன் சேர்வதில்லை. இரண்டும் வடக்கே மகாவலியைச் சேர்ந்து, திருகோணமலைப் பக்கம் கடலை அடைகின்றன. ஒரே மலைத்தொகுதியிற் பெய்யும் மழை இருவேறு வேளாண்மை நிலங்களுக்குப் பங்கிடப்படுகிறது.

பள்ளத்து வயலில் இரு பயிர்

வெலிமடை என்ற பெயரை வெலி, மட என்னும் இரு சிங்களச் சொற்களாகப் பிரித்து, மணலும் சேறும் எனப் பொருள் கூறுவர். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தமாகவே தோன்றும். பள்ளத்தாக்கின் அடியில் படிப்படியாக நெல்வயல்கள். அவற்றின் மேலே சரிவுகளில் மரக்கறித் தோட்டங்கள். இன்னும் மேலே தைலமரங்களும் புற்றரைகளும். போஞ்சி, கோவா, கரட், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவை இங்கிருந்தும் அருகிலுள்ள கெப்பட்டிப்பொலவின் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்தும் லொறிகளில் ஏறி நாடெங்கும் செல்கின்றன. கல்முனைச் சந்தையில் விற்கும் கோவாவும் கரட்டும் பெரும்பாலும் இத்தகைய மலைச்சரிவுகளில் விளைந்தவையே.

அண்மையிலுள்ள குருத்தலாவை, முஸ்லிம் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து பயிர் செய்துவரும் ஊர். தோட்டப்புறங்களில் மலையகத் தமிழரும் உள்ளனர். ஆகவே சம்மாந்துறையிலிருந்து செல்பவர் தம் மொழியிலேயே, கமக்காரர் கமக்காரரிடம் கேட்பதுபோற் கேட்டறியலாம்.

அங்கு முதலிற் கேட்டறியவேண்டியது நெல்வயலைப் பற்றியே. ஊவாப் பகுதிக்கு முக்கிய மழை வடகீழ்ப் பருவக்காற்றுடன் வருகிறது. ஆனி முதல் ஆவணி வரை அங்கும் வறட்சியே. அதனால் வெலிமடைக் கமக்காரர் பெரும்போகத்திற் பள்ளத்து வயல்களில் நெல் செய்து, சரிவு நிலங்களில் மரக்கறியும் கிழங்கும் நடுகின்றனர். சிறுபோகத்தில் முறை மாறுகிறது. நெல் வெட்டிய அதே வயலை வடியவைத்து, உயர்ந்த பாத்தி கட்டி, உருளைக்கிழங்கோ போஞ்சியோ தக்காளியோ நடுகின்றனர். நெல்லுக்குப் போதாத நீர் மரக்கறிக்குப் போதுமாகிறது.

இம்முறையால் நீர் மட்டுமன்றி வேறு நன்மைகளும் உண்டு. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் பக்றீரியா வாடல் நோய், மண்ணில் நெடுங்காலம் தங்குவது. ஒரே நிலத்தில் இப்பயிர்களை மீண்டும் மீண்டும் செய்தால் நோய் பெருகும். பெரும்போகத்தில் வயல் பல கிழமைகள் நீரில் மூழ்கிக்கிடக்கும்போது, காற்றில்லாமையால் இந்நோய்க்கிருமியும் வேர்முடிச்சை உண்டாக்கும் நூற்புழுவும் பெரிதும் குறைகின்றன. மேட்டுநிலக் களைகளும் அழிகின்றன. பின்னர் மரக்கறிக்கு இடும் கூட்டெருவும் பசளையும் முழுவதும் செலவாகாது அடுத்த நெற்பயிருக்கு எஞ்சுகின்றன. நெல் மரக்கறியைக் காக்கிறது. மரக்கறி நெல்லுக்கு ஊட்டமளிக்கிறது.

சரிவில் நிகழ்வது

பள்ளத்திலிருந்து தலையை உயர்த்திச் சரிவைப் பார்த்தாற் காட்சி வேறு. சில தோட்டங்களிற் கல்லடுக்கி வரம்பு கட்டப்பட்டிருக்கும்; கான்கள் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் பாத்திகள் மேலிருந்து கீழாக நேரே ஓடும். இவ்வாறு கட்டினால் வேலை இலகு. மழைநீரும் விரைவில் வடியும். ஆனால் அந்நீர் வெறுங்கையுடன் போவதில்லை.

சித்திரை மாதத்தில் பிற்பகல் இடிமழை மலைநாட்டில் வழக்கம். அம்மழை பெய்து அரைமணி நேரத்தின் பின் உமா ஓயாவின் நிறத்தைப் பார்த்தாற் கணக்குப் புரியும். ஓர் ஏக்கர் நிலத்தின் மேற்பரப்பில் ஒரே ஒரு மில்லிமீற்றர் தடிப்பான மண் கழுவுண்டால், அது நான்கு கனமீற்றர் மண். நிறையில் ஏறக்குறைய ஐந்து தொன். ஒரு மில்லிமீற்றர் இழப்பைக் கண்ணாற் காணமுடியாது. கமக்காரர் கவலைப்படத் தொடங்கும்போது பல மில்லிமீற்றர் போயிருக்கும். அவ்வளவு மண் மீண்டும் உருவாகப் பல தலைமுறைகள் செல்லும். அம்மண்ணுடன் சென்ற பசளைக்கோ கடையிற் கொடுத்த பணமும் போய்விட்டது.

இழந்த மண் மறைந்துபோவதுமில்லை. உமா ஓயா மகாவலியுடன் சேருமிடத்தில் 1990இற் கட்டிமுடிக்கப்பட்ட ரந்தெம்பே நீர்த்தேக்கத்தில், இவ்வாறு கொண்டுவந்த வண்டல் பெருமளவில் படிந்துள்ளது. குளத்தில் வண்டல் நிற்கும் இடத்தில் நீர் நிற்கமுடியாது. மேலே ஒருவர் கட்டாத வரம்பு, கீழே வேறொருவரின் சிறுபோகத்தைக் குறைக்கிறது. இதனை உணர்ந்தே 1951இல் மண் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டம் சரிவிற் கல்லடுக்காது. அதனைக் கமக்காரரின் கையே செய்யவேண்டும்.

மலையில் நீரும் இப்போது அளந்தே பங்கிடப்படுகிறது. வெலிமடைக்கு அண்மையில் புகுல்பொலவிலும், பின்னர் டயரபாவிலும் அணைகட்டி, உமா ஓயா நீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியாகத் தெற்கே கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பும் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. அதன் மின்நிலையத்தின் கொள்ளளவு 120 மெகாவாற்று. சுரங்கம் தோண்டியபோது, 2014ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து உள்ளே நீர் கசிந்தமையாற் பண்டாரவளைப் பகுதியிற் பல கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்களும் வெடித்தன. நிலத்தின் மேலோடும் நீரும் கீழ் நிற்கும் நீரும் ஒன்றே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த பெருமழையாற் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் பல இடங்களிற் சரிந்தன. நாட்டில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அத்தகைய பேரழிவைக் கமக்காரர் கட்டும் கல்வரம்பு தடுத்துவிடும் எனக் கூறமுடியாது. ஆனால் ஆண்டுதோறும் வரும் சாதாரண மழை கொண்டுசெல்லும் மண்ணை அது தடுக்கும்.

வரம்பின் வேலை

பள்ளத்து வயலையும் வரம்பில்லாச் சரிவையும் அடுத்தடுத்துப் பார்த்த நெற்கமக்காரருக்கு ஓர் உண்மை விளங்கும். மேலே மண் ஓட, கீழே நெல்வயலில் மண் நிற்கிறது. காரணம் இரண்டே. நிலம் மட்டமாக்கப்பட்டிருக்கிறது, சுற்றிலும் வரம்பு இருக்கிறது. ஓடிவரும் நீர் வயலுக்குள் வந்ததும் நடை தளர்ந்து, சுமந்துவந்த மண்ணை இறக்கிவைத்துவிட்டுத் தெளிந்து செல்கிறது. சம்மாந்துறையில் வரம்பு கட்டுவதும், செதுக்குவதும், நண்டு வளை அடைப்பதும் ஆண்டுதோறும் செய்யும் சில்லறை வேலையாகத் தோன்றலாம். உண்மையில் அதுவே மண்காப்பின் முதல் வேலை. மலைநாட்டில் நிபுணர் வந்து கற்பிக்கும் சமவுயர வரம்பு, நெல்வயல் வரம்பின் உடன்பிறப்பே.

ஆகவே வயலில் மரக்கறி செய்ய எண்ணுபவர், வடிகாலுக்காக வரம்பை வெட்டியெறிதல் ஆகாது. வரம்பை வைத்துக்கொண்டு, அதற்குள்ளே வடிகால் அமைத்தல் வேண்டும்.

சம்மாந்துறையிற் செய்யத்தக்கது

வெலிமடையின் முறையைக் கற்கலாம். பயிரை அப்படியே எடுத்துவரக்கூடாது. உருளைக்கிழங்கு குளிர்ந்த இரவில்தான் கிழங்கு பிடிக்கும். கரையோர வெப்பத்தில் இலையும் தண்டும் வளருமே தவிரப் பயன் தராது. இங்கு பயறு, கௌபீ, சோளம், வெண்டி, கத்தரி, மிளகாய், பூசணி, வெள்ளரி, வத்தகை போன்றவையே பொருத்தமானவை. பயறு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் விளைவதோடு, வேர்முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள நைதரசனை நிலைநிறுத்திக்கொள்வதால், நீர் குறைந்த சிறுபோகத்துக்கு ஏற்றது.

நெல்லுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதையும் எண்ணிப்பார்த்தல் நலம். உலக அளவில், ஒரு கிலோகிராம் நெல் விளைவிக்க வயலுக்குச் சராசரியாக 2500 லீற்றர் அளவு நீர், மழையாகவோ பாய்ச்சலாகவோ, வேண்டியிருக்கிறது. குளத்தில் நீர் குறைந்த ஆண்டில், முழுவட்டையிலும் நெல் விதைத்துக் குடலைப் பருவத்தில் வாடவிடுவதைவிட, ஒரு பகுதியில் நெல்லும் மறுபகுதியில் மறுபயிரும் செய்வது நட்டத்தைக் குறைக்கும். அவ்வாறு செய்ய முன்வருவோர் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. நிலத் தெரிவு: மேட்டுப்பாங்கான, நீர் எளிதில் வடியும் வயல்களையே தெரிதல் வேண்டும். கனத்த களியுள்ள தாழ்ந்த வயல்களை நெல்லுக்கே விடுக.

2. கூட்டு முடிவு: நடுவில் ஒருவர் மட்டும் மிளகாய் நட, சுற்றியுள்ளோர் நெல் விதைத்து நீர் கட்டினால், ஊறிவரும் நீரால் மிளகாய் அழுகும். ஆகவே ஒரே வாய்க்காலின் கீழுள்ளோர் சேர்ந்து, போக ஆரம்பக் கூட்டத்தில் வட்டவிதானையின் முன்னிலையில் முடிவுசெய்தல் நன்று. நெற்காணியில் வேறு பயிர் செய்வது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்துக்கு உட்பட்டதாகையால், கமநல சேவை நிலையத்தில் முன்னதாகவே கேட்டறிந்துகொள்க.

3. வடிகாலும் பாத்தியும்: வரம்புக்கு உட்புறமாக, வயலைச் சுற்றி ஓரடி ஆழமான கான் வெட்டி, அதனைக் கழிவு வாய்க்காலுடன் இணைக்க வேண்டும். பாத்திகள் மூன்றடி அகலமும், முக்கால் அடி உயரமும் இருத்தல் போதுமானது. கானுள் இடையிடையே சிறு பள்ளம் விட்டால், கழுவி வரும் மண் அங்கே தங்கும். அதனை அள்ளி மீண்டும் பாத்தியில் இடலாம்.

4. வைக்கோல்: வைக்கோலை எரித்தல் ஆகாது. நெற்பயிர் எடுத்துக்கொண்ட பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே இருக்கிறது. பாத்திமேல் மூடாக்காக இட்டால் ஈரம் நிற்கும், களை அடங்கும், பின்னர் அது மட்கி எருவாகும்.

5. நீர் பாய்ச்சல்: வயல் முழுவதும் நீர் கட்டாது, பாத்திகளுக்கு இடைப்பட்ட சாலில் அரைவாசி உயரத்துக்கு நீர் விட்டு, பாத்தி ஊறியதும் வடித்துவிட வேண்டும்.

6. பயிர் மாற்றம்: கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். இவ்வாண்டு கத்தரி நின்ற இடத்தில் அடுத்த சிறுபோகத்தில் மிளகாய் நடாது, பயறோ வெண்டியோ செய்க.

7. சந்தை: எல்லோரும் ஒரே நாளில் ஒரே பயிரை நட்டால் விலை விழும். ஒருவர் பயறும் ஒருவர் வெண்டியுமாகவும், நடுகையைக் கிழமை தவறிக் கிழமையாகவும் அமைத்தால் விற்பனை சீராகும். முதலாண்டில் கால் ஏக்கருக்கு மேற் செல்லாதிருப்பதே அறிவு.

பயணஞ் செய்வோர் கவனத்துக்கு

மலைப்பாதையிற் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையை வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ அறிந்துகொள்ள வேண்டும். பிற்பகலில் மழையும் மூடுபனியும் வருமாகையால், மலையேற்றத்தை மதியத்துக்குள் முடித்துக்கொள்வது பாதுகாப்பு. சித்திரைப் புத்தாண்டு நாட்களிற் கடைகளும் சந்தையும் மூடியிருக்கும். கமக்காரரும் வயலில் இரார். கேட்டறியும் நோக்கமுடையோர் அந்நாட்களுக்கு முன்போ பின்போ செல்வதே நன்று.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. மலைநாட்டிலிருந்து உண்பதற்கு மரக்கறி வாங்கிவரலாம். நடுவதற்கு நாற்றோ, மண் ஒட்டிய கிழங்கோ கொண்டுவரக்கூடாது. பக்றீரியா வாடலும் நூற்புழுக்களும் ஒரு பிடி மண்ணுடன் 200 கிலோமீற்றர் பயணஞ் செய்யும். தோட்டத்தில் நடந்த காலணியையும் வண்டிச் சில்லையும் அங்கேயே கழுவிவிட்டுப் புறப்படுக. விதையை உள்ளூரில், அத்தாட்சிப்படுத்தப்பட்டதாக வாங்குக.

குளிரும் பூவும் கண்ட நினைவு சில நாட்களில் மறையும். ஆனால் திரும்பிவந்து சிறுபோகத்துக்கு வரம்பு கட்டும்போது, மழைக்குப்பின் உமா ஓயா கொண்டுசென்ற மண்ணின் நிறம் நினைவில் நிற்குமாயின், அப்பயணத்துக்குச் செலவிட்ட எரிபொருள் வீணாகாது. இவ்வாண்டு வரம்பை ஒரு கை உயர்த்திக் கட்டுக. வைக்கோலை எரிக்காது வைத்திருக்குக. மேட்டு வயலில் கால் ஏக்கரை மறுபயிருக்கு ஒதுக்குக. பயிர்த் தெரிவு, விதை, மண் பரிசோதனை ஆகியவற்றுக்கான மேலதிக விபரங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.